தங்கபுஷ்பத்தின் மத்தியானக் கண்டக்டர்

தங்கபுஷ்பம் சுளகில் உளுந்து புடைத்துக்கொண்டிருந்தாள். உமி பறந்து மடியிலும் முன்முடியிலும் ஒட்டியது. இரண்டு தட்டு, ஒரு சுழற்று, பிறகு கல் பொறுக்கல். கை தன்பாட்டுக்கு ஓடிக்கொண்டிருக்க, கண் மட்டும் கூடத்துக் கட்டிலில் சாய்ந்திருந்த புருஷன்மேல் போய்ப் போய்த் திரும்பியது.

"எக்கா, மணி என்னாவுது?" என்றாள் பாலம்மாள், அவர் முதுகுக்குத் தலையணையை அண்டக் கொடுத்தபடியே.

"ஒண்ணரை இருக்கும்."

"ஒண்ணரைக்கு நீங்க எங்கன இருக்கணும்?"

"உள்ள கட்டில்ல."

"இப்ப இருக்கது எங்கன?"

"ஏட்டி, கொஞ்சம் உளுந்துதான் கெடக்கு. முடிச்சிட்டுப் போறேன்."

பாலம்மாள் வந்து சுளகைப் பிடுங்கி அலமாரிமேல் வைத்தாள். அவள் புதூர்ப் பக்கம் ஆடு வளர்க்கிற வீட்டுப் பெண். நோயாளிகளைப் பார்த்துக்கொள்ளப் பயிற்சி எடுத்து, கோவில்பட்டியில் அந்த வேலை செய்கிறவள். காலையில் பஸ்ஸில் வந்து சாயங்காலப் பஸ்ஸில் திரும்புவாள். முரண்டு பிடிக்கிற ஆட்டை ஓட்டிப் பழகிய கை, தங்கபுஷ்பத்தை முழங்கையைப் பிடித்து எழுப்பி உள்ளறைக்கு நடத்தியது.

"சவம்," என்றார் கட்டிலில் இருந்தவர்.

"பாத்தீங்களா, அண்ணாச்சியும் அதத்தான் சொல்லுதாவ."

சண்முகராஜ் அண்ணாச்சி பலசரக்குக் கடைக்காரர். இரண்டு வருஷத்துக்கு முன் ஒரு காலை, கடை ஷட்டரைத் தூக்கியவர் பாதியில் கையை விட்டார். வாதம் வலது கையையும் வலது காலையும் பேச்சையும் எடுத்துக்கொண்டு ஒரே ஒரு சொல்லை மிச்சம் வைத்தது. மூட்டையைத் தாறுமாறாக இறக்குகிறவர்கள்மேல் நாள்தோறும் அவர் எறிந்துவந்த சொல் அது. இப்போது தண்ணீருக்கும் சவம், மூத்திரப் புட்டிக்கும் சவம், பேத்தி போனில் முகம் காட்டினாலும் சவம். சிலருக்கு இப்படி ஒரு சொல் மட்டும் தங்கிவிடும், அதை அவர்கள் தேர்ந்தெடுப்பதில்லை என்று டாக்டர் விளக்கினார்.

"தங்குனதுதான் தங்குச்சு, முருகான்னு தங்கியிருக்கக் கூடாதா?" என்று கேட்டாள் தங்கபுஷ்பம். டாக்டர் சிரித்துவிட்டார்.

ஆனால் அந்த ஒரு சொல்லுக்குள்ளேயே பல குரல் உண்டு. நீட்டினால் பசி, வெட்டினால் கோபம், முணுமுணுப்பாக வந்தால் படுக்கை நனைந்துவிட்டது. தங்கபுஷ்பம் அடுப்படியில் நின்றபடியே பிரித்துத் தெரிந்துகொள்வாள்.

நாகலாபுரத்துக்குப் பக்கத்தில் பிறந்தவள் அவள். சிறு வயதில் வீட்டில் உட்கார்ந்து தீப்பெட்டிக் கூடு ஒட்டினாள். பருத்தி வெடித்தால் காட்டுக்குப் போனாள். கல்யாணமான பின் கடையில் பொட்டலம் கட்டினாள். பிள்ளை பெற்றபோது மட்டும்தான் பகலில் படுத்திருக்கிறாள். அப்போதும் படுத்தபடி பூண்டு உரித்தாள். அப்படிப்பட்டவளுக்கு அறுபதைத் தாண்டிய பிறகு ஓய்வெடுக்கச் சொல்லி உத்தரவு வந்தது.

காரணம், குளியலறை. போன மாதம் அவரைக் குளிப்பாட்டி நாற்காலிக்கு மாற்றும்போது அவளுக்குத் தலை சுற்றியது. விழவில்லை. சுவரோடு சரிந்து உட்கார்ந்து, அவரைத் தன் மடிமேல் இழுத்துப் போட்டுக்கொண்டாள். பாலம்மாள் ஓடி வந்து பார்த்தபோது இரண்டு பேரும் ஈரத் தரையில், ஒருவர்மேல் ஒருவர். "சவம், சவம்," என்று அவர் கத்திக்கொண்டிருந்தார். அடிபடவில்லை. ஆனால் அவளுடைய ரத்த அழுத்தம் ஏறிக் கிடந்தது. மாத்திரையை மாற்றிக் கொடுத்த டாக்டர், தினமும் மத்தியானம் இரண்டு மணி நேரம் படுக்க வேண்டும் என்றார். வீட்டு வேலை, நோயாளி வேலை எதுவும் கூடாது. படுக்காவிட்டால் அடுத்த கட்டில் உங்களுக்குத்தான் என்றும் சொன்னார்.

கடையைப் பார்த்துக்கொள்ளும் மகன் பாலகணேஷ் அன்று சாயங்காலமே வந்தான்.

"எம்மா, இன்னும் ஒரு மாசம் பாக்குதேன். அதுக்குப் பொறவும் நீ இப்பிடியே கெடந்து அல்லாடுனா, அப்பாவ ஹோம்ல சேத்துருவோம். மதுரையில ஒரு நல்ல ஹோம் இருக்காம். ரெண்டு பேரையும் படுக்கையில போட்டுப் பாக்க என்னால ஆவாது."

அவன் கெட்டவன் இல்லை. பயந்துபோனவன். ஆனால் அதைச் சொன்ன இடம் தப்பு. கட்டிலுக்குப் பக்கத்தில் நின்று சொன்னான். பேச்சுப் போனவருக்குக் காதும் புத்தியும் கூடவே போய்விட்டதாக நினைத்துக்கொள்வது, நோயாளி இருக்கிற வீடுகளில் நல்லவர்களும் செய்கிற தப்பு. தங்கபுஷ்பமும் கட்டிலைத் திரும்பிப் பார்க்கவில்லை.

"அவியள வெளிய அனுப்புததுக்கு நான் இன்னும் சாவல."

"சாவக் கூடாதுன்னுதானே சொல்லுதேன்? ஒழுங்கா படு."

ஆக, அவள் மத்தியானம் படுத்தால் அவர் வீட்டில் இருப்பார். படுக்காவிட்டால் போவார். இதில் புரியாதது ஒன்றும் இல்லை. படுப்பது எப்படி என்பதுதான் அவளுக்குத் தெரியவில்லை. மல்லாந்து படுத்தால் ஒட்டடை கண்ணில் பட்டது. ஒருக்களித்தால் கட்டிலுக்கடியில் தூசி தெரிந்தது. கண்ணை மூடினால் அடுப்பை அணைத்தோமா என்று மனம் எழுந்து போனது, பின்னாலேயே உடம்பும் போனது.

"சும்மா படுக்க முடியாட்டி எதையாவது கேளும்மா. நான் அனுப்புதேன்," என்றாள் கோயம்புத்தூரில் இருக்கும் மகள் ஐஸ்வர்யா. காதுக்கு ஒரு ஒயரும் வாங்கி அனுப்பினாள்.

முதலில் வந்தது ஒரு தன்னம்பிக்கைப் பேச்சாளர். மறுநாள் மகள் போன் செய்தாள்.

"கேட்டியாம்மா?"

"கேட்டேன். ஏட்டி, அந்த ஆளு என்னைய ஏன் வையுதான்?"

"வையலம்மா, ஊக்கம் குடுக்காரு."

"காலையில நாலு மணிக்கு எந்திரிக்காதவன் உருப்படவே மாட்டானாம். நான் மூணரைக்கு எந்திரிக்கேன். எங்கன உருப்பட்டேன்?"

அடுத்தது மெல்லிய குரலில் ஒரு பெண். உங்கள் பாதங்களைக் கவனியுங்கள் என்றாள். தங்கபுஷ்பம் கவனித்தாள். குதிகால் வெடித்திருந்தது. எழுந்து போய் விளக்கெண்ணெய் தேடினாள். மூன்றாவது, துப்பறியும் தொடர். அன்று பாலம்மாள் அழுத்தம் பார்த்துவிட்டு, "என்னத்தக் கேட்டீங்க?" என்று அதட்டினாள். "பொணத்த யாரு கெணத்துல போட்டான்னு நாளைக்குத்தான் சொல்லுவானாம்" என்று பதில் வந்தது. அது அன்றோடு நின்றது.

பாலம்மாள் தன் பங்குக்கு நூலகத்திலிருந்து ஒரு புத்தகம் எடுத்து வந்தாள். ஒரு டீச்சர் தன் மாடித்தோட்டத்தைப் பற்றி எழுதியது. படம் போட்ட, சிரிப்பும் எளிய நடையுமாக ஓடுகிற புத்தகம். தங்கபுஷ்பம் கண்ணாடி போட்டு, விரல் வைத்து, ஏழெட்டுப் பக்கம் சந்தோஷமாக வாசித்தாள். பிறகு பாலம்மாள் எட்டிப் பார்த்தபோது கட்டில் காலி. கொல்லையில் பழைய எண்ணெய் டின்னில் மண் நிரப்பிக் கத்தரி விதை ஊன்றிக்கொண்டிருந்தாள்.

"எக்கா, நல்ல புஸ்தகம்னு குடுத்தேன். உங்கள இப்பிடி மண்வெட்டி எடுக்க வச்சுட்டே."

"நல்ல புஸ்தகம்தான் ட்டி. அந்த டீச்சர் சொல்லும்போது கை சும்மா இருக்க மாட்டேங்குது."

கடைசியில் அவளைப் படுக்க வைத்தது, கொஞ்சம் கதையும் கொஞ்சம் பேட்டரியும். அவளுடைய போன் பழையது. சார்ஜ் நிற்காது. ஒயரை மாட்டி வைத்தால்தான் பேசும். பிளக், உள்ளறைக் கட்டிலின் தலைமாட்டில் இருந்தது. காது ஒயரோ குட்டை. கேட்க வேண்டுமானால் தலையணையில் தலை இருந்தே ஆக வேண்டும்.

அடுத்து ஐஸ்வர்யா அனுப்பியது 'பின்சீட்டு' என்று ஒரு பாட்காஸ்ட். ரிட்டயர்டு பஸ் கண்டக்டர் ஒருவர், தன் வண்டியில் ஏறியவர்களைப் பற்றிச் சொல்லிக்கொண்டே போவார். பாட்டு இல்லை, அறிவுரை இல்லை. அவர் குரலும், இடையில் தூரத்தில் ஏதோ ஒரு சேவல் கூவுவதும்தான்.

ஒரு பொம்பளை கட்டைப்பைக்குள் ஆட்டுக்குட்டியை ஒளித்துக்கொண்டு ஏறினாள். பாதி வழியில் செக்கர் ஏறினார். குட்டி கத்திவிட்டது. முன்சீட்டுப் பெரியவர் உடனே இருமுகிற மாதிரி 'மே' என்றார். நடுவில் நின்ற கல்லூரிப் பையன் 'மே' என்றான். பின்னால் கல்யாண வீட்டுக்குப் போகிற கூட்டம் மொத்தமாகக் கத்தியது. செக்கர் முன்னும் பின்னும் பார்த்தார். 'இந்த பஸ்ல மனுசங்க யாராவது ஏறியிருக்கீங்களா?' என்று கேட்டுவிட்டு அடுத்த நிறுத்தத்தில் இறங்கிப் போனார்.

தங்கபுஷ்பம் கட்டில் ஆடச் சிரித்தாள். கூடத்திலிருந்து பாலம்மாள் எட்டிப் பார்த்தாள். அக்கா படுத்திருக்கிறாள். அது போதும் என்று கதவைச் சாத்திவிட்டுப் போனாள்.

அந்தக் கண்டக்டருக்கு ஒரு பழக்கம். ஒவ்வொரு சம்பவத்தையும் முக்கால்வாசி சொல்லிவிட்டு, "கேட்டியளா?" என்று நிறுத்துவார். ஒரு மூச்சு விடுகிற நேரம் சும்மா இருப்பார். அந்த இடத்தில் தங்கபுஷ்பம் தன்னை அறியாமல், "ம்," என்பாள்.

தீப்பெட்டிக் கூடு ஒட்டிய காலத்துப் பழக்கம் அது. பிள்ளைகள் தூங்கி விழுந்தால் கூட்டின் எண்ணிக்கை குறையும் என்று அடுத்த வீட்டு மாரிச்செல்வி மதினி கதை சொல்லுவாள். கேட்கிறவர்கள் 'ம்' கொட்ட வேண்டும். 'ம்' நின்றால் கதையும் நிற்கும், தலையில் குட்டும் விழும். கூடு ஒட்டுவதை அவள் விட்டு எத்தனையோ காலம் ஆயிற்று. கதை கேட்டால் 'ம்' கொட்டுவது மட்டும் விடவில்லை. காதில் ஒயர் இருந்ததால் தன் குரல் எவ்வளவு சத்தமாக வருகிறது என்பதும் அவளுக்குத் தெரியவில்லை. ம். ம்ம். அப்பிடியா! ம். சாத்திய கதவைத் தாண்டிக் கூடம் வரைக்கும் கேட்டது. கதை கேட்கிறவர்கள் 'ம்' கொட்டுவது பாலம்மாளுக்குப் புதிதில்லை. அவள் பாட்டுக்கு அண்ணாச்சியின் மடங்கிய விரல்களை ஒவ்வொன்றாக நீட்டிவிட்டுக்கொண்டிருந்தாள்.

நல்லபடியாகப் போனது. மத்தியானம் ஆனால் தங்கபுஷ்பமே, "நம்ம கண்டக்டர் வந்துருப்பாரு," என்று சுளகை வைத்துவிட்டு எழுந்தாள். கேட்டு முடித்த பிறகு தூங்கவும் செய்தாள். அழுத்தம் இறங்கியது. பாலகணேஷ் வந்தபோது பாலம்மாள் பெருமையாகச் சொன்னாள்.

"தெனமும் கேக்கியாம்மா?" என்றான் அவன்.

"கேக்குதேன். ஒரு நாள் விடல."

"சரி, நல்லதுதான். ஆனாலும் ஞாயித்துக்கெழம காலையில ஒரு கார் சொல்லியிருக்கேன். அந்த ஹோம ஒரு எட்டு பாத்துட்டு வந்துருவோம். சேக்கவா போறோம்? பாத்து வைக்கதுல தப்பில்லலா."

இதையும் கூடத்தில் நின்றுதான் பேசினான்.

மறுநாள் காலை அண்ணாச்சி வாயைத் திறக்கவில்லை.

இட்லியைப் பால் விட்டுக் கரைத்து, கட்டி இல்லாமல் மசித்து எடுத்து வந்தாள் தங்கபுஷ்பம். நிமிர்த்தி உட்கார வைத்து, நாடியைச் சற்றுத் தாழ்த்தி, கரண்டியை உதட்டில் வைத்தாள். அவர் பல்லைக் கடித்துக்கொண்டு முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பினார்.

"என்னங்க, சூடா இருக்கா?"

"சவம்." வெட்டி விழுந்தது.

பாலம்மாள் முறைப்படி எல்லாம் பார்த்தாள். காய்ச்சல் இல்லை. டார்ச் அடித்து வாயைப் பார்த்தாள், புண் இல்லை. வயிறு கல்லாக இல்லை. நெஞ்சில் சளி இல்லை. பிறகு அவளே கரண்டியை எடுத்துப் பார்த்தாள். கொஞ்சம் வாங்கிக்கொண்டார். தங்கபுஷ்பம் கிட்டே வந்ததும் மறுபடியும் வாய் மூடியது.

"உங்க கையிலதான் வாங்க மாட்டேங்காவ. என்னமும் வஞ்சீங்களா?"

"வஞ்சாலும் ஒரு நாளும் சோத்துல காட்டுனதில்ல ட்டி அவிய."

அடுத்த நாளும் அப்படியே. பாலம்மாள் ஊட்டினாலும் பாதி வெளியே வந்தது. தங்கபுஷ்பம் மத்தியானப் படுக்கையை விட்டுவிட்டுக் கட்டில் ஓரத்திலேயே உட்கார்ந்தாள். ரசம் கரைத்தாள், கேப்பைக் கூழ் காய்ச்சினாள், அவருக்குப் பிடித்த கருப்பட்டி போட்டுப் பால் ஆற்றினாள். எதுவும் இறங்கவில்லை. ஒருமுறை எழுந்தபோது கட்டில் காலைப் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டியிருந்தது. பாலம்மாள் பட்டையைச் சுற்றி அழுத்தம் பார்த்தாள். பழையபடி ஏறியிருந்தது.

"எக்கா, அண்ணாச்சி பட்டினி, நீங்க ஓய்வில்ல. இப்பிடியே ரெண்டு நாள் போனா, உங்க மகன் பாலா சொல்லுத எடத்துக்கு நாமளே வண்டி புடிச்சு அனுப்பணும்."

தங்கபுஷ்பத்துக்கு அது தெரிந்துதான் இருந்தது.

சனிக்கிழமை மத்தியானம். எப்படியோ இரண்டு கரண்டி கூழ் உள்ளே போயிருந்தது, அதுவும் பாலம்மாள் கையால். சாப்பிட்ட பின் கொஞ்ச நேரம் அவரை நிமிர்த்தியே வைத்திருக்க வேண்டும். உடனே சாய்த்தால் உணவு மூச்சுக்குழாய்ப் பக்கம் ஏறும். கூட ஆள் இருந்தே ஆக வேண்டும். பாலம்மாள் மாத்திரை வாங்க மருந்துக்கடைக்குப் போனாள். தங்கபுஷ்பம் மிச்சக் கூழோடு உட்கார்ந்து இன்னொரு தரம் முயன்றாள். அவர் இடது கையால் கரண்டியைத் தட்டினார். கூழ் அவள் சேலையில் விழுந்தது.

அவள் சேலையைத் துடைக்கவில்லை. கிண்ணத்தைக் கீழே வைத்தாள்.

"தின்னா தின்னுங்க, தின்னாட்டி கெடங்க. ஊர்ல இருக்கவங்கள்லாம் நேத்தே கேட்டுருப்பாங்க, நான் இன்னும் கண்டக்டர் கதை கேக்கல."

உள்ளே போய்ப் போனைப் பிடுங்கி வந்தாள். கூடத்து பிளக்கில் மாட்டினாள். அவரை விட்டு நகரக் கூடாது, காது ஒயர் உள்ளறையில் கிடக்கிறது. அதனால் சத்தமாகவே ஓடவிட்டு, கட்டில் ஓரத்தில் வைத்தாள்.

சேவல் கூவியது. கண்டக்டர் தொண்டையைச் செருமினார்.

"ஐப்பசி மாசம். நல்ல மழை. கரிசக்காட்டு ரோட்டுல வண்டி ஓரம் எறங்கிட்டு. எல்லாரும் எறங்கித் தள்ளுங்கன்னு சொன்னேன். கரிச மண்ணு ஈரமானா என்ன செய்யும்னு உங்களுக்குத் தெரியும். கால எடுத்தா செருப்பு வராது. வண்டி கெளம்பிட்டு, சனம் பூராவும் ஒத்தச் செருப்போட ஏறி உக்காந்துருக்கு. கேட்டியளா?"

"ம்," என்றாள் தங்கபுஷ்பம்.

சுவரைப் பார்த்துக்கொண்டிருந்த தலை திரும்பியது. அவர் முதலில் போனைப் பார்த்தார். பிறகு அவளை. கண்டக்டர் மேலே சொல்லிக்கொண்டு போனார். ஒரு டீச்சரம்மா ஒற்றைச் செருப்போடு பள்ளிக்கூடம் போனதையும், ஒரு மாப்பிள்ளை ஒற்றைச் செருப்போடு பெண் பார்க்கப் போனதையும் சொன்னார். கேட்டியளா? "ம்ம்," என்று அவள் சிரித்தாள்.

அவருடைய இடது கை எழுந்தது. போனைக் காட்டினார். அவளைக் காட்டினார். சாத்தியிருந்த உள்ளறைக் கதவைக் காட்டினார்.

"ஆமா. தெனமும் உள்ள படுத்துக்கிட்டு இதத்தான் கேக்குதேன். பொறவென்ன?"

கை அவருடைய நெஞ்சில் தட்டியது. பிறகு வாசலை நோக்கி நீண்டது, வாசலுக்கும் அப்பால்.

"சவம்?"

கேள்வியாக வந்த சவத்தை அவள் இந்த இரண்டு வருஷத்தில் கேட்டதில்லை. போனை நிறுத்தினாள்.

"பாலா அன்னைக்கு ஹோமுன்னு சொன்னதக் கேட்டீங்களா?"

அவர் கண்ணை மூடித் திறந்தார்.

"உள்ள இருந்து நான் அவங்கூட போன் பேசுதேன்னு நெனச்சீங்களா? உங்கள அனுப்புததுக்கு நான் 'ம்' போட்டுக்கிட்டுக் கெடக்கேன்னு?"

அவர் மறுபடியும் சுவர்ப்பக்கம் திரும்பினார். காது மடல் சிவந்திருந்தது.

தங்கபுஷ்பத்துக்கு முதலில் வந்தது கோபம்தான்.

"ஏங்க, இத்தன வருசத்துல உங்க பேச்சுக்கே நான் லேசுல 'ம்' போட்டதில்ல. நேத்துப் பொறந்த பய பேச்சுக்கா போடுவேன்?"

அவர் முகத்தின் இடது பாதி அசைந்தது. அசைந்து, இழுத்து, சிரிப்பாக மாறியது. "சவ...ம்," என்று நீட்டினார். கடைவாயில் எச்சில் வழிந்தது. அவள் சேலைத் தலைப்பால் துடைத்தாள், கூடவே சேலையில் கிடந்த கூழையும்.

"இந்தா பாருங்க. எனக்கு ஒடம்பு ஓடுத வரைக்கும் உங்கள எங்கனயும் விட மாட்டேன். ஓடணும்னுதான் உள்ள போயி சும்மா கெடந்து சாவுதேன். உங்ககிட்ட ஒரு வார்த்த சொல்லியிருக்கணும். சொல்லல. இப்ப சொல்லிட்டேன். வாயத் தொறங்க."

வாய் திறந்தது. அவள் கரண்டியை வைத்தாள். அவர் நாடியைத் தாழ்த்தி, மெதுவாக, ஒழுங்காக விழுங்கினார். அவள் போனைத் தட்டிவிட்டாள்.

கதையில் மறுநாள் காலை. கண்டக்டரின் வண்டி, சேற்றில் மாட்டிய இடத்துக்குப் பக்கத்து நிறுத்தத்துக்கு வருகிறது. நிறுத்தத்துச் சுவர்மேல் வரிசையாகச் செருப்புகள். யாரோ ஒருவர் சேற்றில் இறங்கித் தோண்டி எடுத்து, கழுவி, காயவைத்து அடுக்கியிருக்கிறார். யாரென்று கடைசி வரைக்கும் தெரியவில்லை. "ஒண்ணுகூட கொறையல. என் செருப்பும் இருந்துச்சு. கேட்டியளா?"

தங்கபுஷ்பம் கிண்ணத்தின் அடியை வழித்துக்கொண்டிருந்தாள். 'ம்' கொட்டச் சற்றுத் தாமதமாகிவிட்டது.

"ம்," என்றது கட்டில்.

அவள் நிமிர்ந்து பார்த்தாள். அவர் அவளைப் பார்க்கவில்லை. போனைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார், அடுத்து என்ன என்கிற முகத்தோடு.

பாலம்மாள் மருந்தோடு வந்தபோது கிண்ணம் காலியாக இருந்தது.

"ஏட்டி, அவிய 'ம்' சொல்லுதாவ!"

பாலம்மாள் கிண்ணத்தைத்தான் முதலில் பார்த்தாள். பிறகு இரண்டாவது கதையைப் போடச் சொல்லி, கைகட்டி நின்று கேட்டாள். இரண்டு இடத்தில் 'ம்' வந்தது.

"பேச்சு வந்துட்டுன்னு எண்ணிக்கிடாதீங்க. இதுக்கு நாக்கு வேண்டாம், வாய மூடுனாப் போதும். ஆனா சவத்துக்கு இது எவ்வளவோ தேவல." அண்ணாச்சியின் தோளைத் தட்டினாள். "எய்யா அண்ணாச்சி, என்கிட்டயாவது கையக் காட்டிக் கேட்டிருக்கலாம்லா? மூணு நாளா எனக்கும் சோறு எறங்கல."

"சவம்," என்றார் அவர், மன்னிப்புக் கேட்கிற தினுசில்.

மூன்றாவது கதையை அவர் கையால் காட்டிக் கேட்டார். நான்காவதுக்கும் கை நீண்டது. தங்கபுஷ்பம் போனை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

"மத்தியானம் எனக்கு. உங்களுக்கு சாயங்காலம், பாலம்மா போட்டுவிடுவா. நீங்க கேக்கதுக்கு நான் பக்கத்துல குத்தவச்சு உக்கார முடியாது. உள்ள 'ம்' சத்தம் கேட்டா கண்டக்டருக்குன்னு வச்சுக்கிடுங்க."

அவர் யோசித்தார். வியாபாரம் பேசுகிறவர் யோசிக்கிற மாதிரியே யோசித்துவிட்டு, "ம்," என்றார். அவள் உள்ளே போய்ப் படுத்தாள்.

ஞாயிற்றுக்கிழமை காலை பாலகணேஷ் காரோடு வந்தான். கார் சத்தம் கேட்டதும் அண்ணாச்சியின் இடது கை கட்டில் சட்டத்தைப் பிடித்தது. தங்கபுஷ்பம் அதைப் பார்த்தாள். மகனை வாசலிலேயே நிறுத்தி, நடந்ததைச் சொன்னாள். அவன் முகம் சுருங்கிப்போனது.

"அவருக்கு வெளங்காதுன்னு நெனச்சுட்டேம்மா."

"என்கிட்ட எதுக்குச் சொல்லுத? அங்கன போயிச் சொல்லு. அவியளுக்கு முன்னால உக்காந்து சொல்லு."

அவன் போய்க் கட்டிலுக்கு முன்னால் ஸ்டூலை இழுத்துப்போட்டு உட்கார்ந்தான்.

"எப்பா... ஹோமுக்குப் போகல. அம்மா தெனமும் படுத்தா அழுத்தம் எறங்குது. இனிமே எது பேசுனாலும் உங்ககிட்ட கேட்டுத்தான் பேசுவேன்."

"சவம்," என்றார் அப்பா. கடையில் மூட்டை இறக்கும்போது கேட்ட அதே குரல். பாலகணேஷுக்குச் சிரிப்பும் வந்தது, கண்ணும் நிறைந்தது. பிறகு ஒரு 'ம்'மும் கிடைத்தது.

அவன் எழுந்தான். "அப்ப கார அனுப்பிரட்டுமா?"

"வந்த கார எதுக்கு அனுப்பணும்?" என்றாள் தங்கபுஷ்பம். "உங்க அப்பா தலையப் பாரு, காடா கெடக்கு. வீட்டுக்கு வந்து வெட்டுத ஆளு கோணலாத்தான் வெட்டுதான். அவிய எப்பவும் போற சலூனுக்குக் கூட்டிட்டுப் போவோம். ஏங்க, சலூனுக்கு. போவமா?"

கட்டில் சட்டத்தைப் பிடித்திருந்த கை விட்டது.

பாலம்மாள் அவரைப் பிடித்து எழுப்புவதற்கான பட்டையை இடுப்பில் கட்டினாள். பாலகணேஷ் வலது பக்கம் நின்றான். நல்ல கால் முதலில், பிறகு திரும்பி, பிறகு உட்கார்ந்து, கடைசியில் கால்கள் என்று பாலம்மாள் சொல்லச் சொல்ல, அண்ணாச்சி காருக்குள் ஏறினார். தங்கபுஷ்பம் சக்கர நாற்காலியை மடக்கிப் பின்னால் வைக்கச் சொன்னாள். துண்டு, தண்ணீர்ப் போத்தல், மாற்று வேட்டி எல்லாம் பைக்குள் இருக்கிறதா என்று பார்த்தாள். அடுப்பை அணைத்தோமா என்று ஒருதரம் உள்ளே போய்ப் பார்த்து வந்தாள். பிறகு முன்சீட்டில் ஏறி, டிரைவர் பக்கம் திரும்பினாள்.

"தம்பி, பன்னண்டுக்குள்ள திரும்பக் கொண்டாந்து விட்டுரணும் என்னா. மத்தியானம் எனக்கு ஒரு வேலை கெடக்கு."

"ம்," என்று பின்சீட்டிலிருந்து சத்தம் வந்தது.